ஆபீஸ் புதுப்பிப்பு: சங்கத்தின் நிலைப்பாடு

ஆபீஸ் மென்பொருள் விவகாரத்தில் டிடிபி நிலைய உரிமையாளர் சங்கத்தின் செயற்குழு தன் நிலைப்பாட்டை இதன்மூலம் அறிவிக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. மென்பொருள் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. இது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இதைச் சாக்காக வைத்து, "கடையையே மூட வேண்டிவரும்" என்று மிரட்டி, ஆபீஸ் சந்தாவுக்கு மொத்தமாகக் கையெழுத்து வாங்க அலையும் விற்பனையாளர்களைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

எங்கள் தொழிலில் முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும். ஆடியில் கடை ஈ ஓட்டும். சந்தாவுக்கோ பன்னிரண்டு மாதமும் ஒரே வாடகை. கட்டத் தவறினால் கணினியில் உள்ள ஆபீஸில் கோப்பைப் பார்க்கலாம், அச்சிடலாம்; ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் ஆபீஸ் 2024 இன்றும் விற்பனையில் இருக்கிறது; அதற்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. சந்தா விலைப்பட்டியலை நீட்டிய விற்பனையாளர்கள் அதை ஏன் சொல்லவில்லை?

இதைவிடப் பெரிய சங்கதி எழுத்துரு. எந்தத் தொகுப்பை வாங்கினாலும், உறுப்பினர்களின் கணினிகளில் கிடக்கும் பழைய பத்திரங்களும் மனுக்களும் விழா மலர்களும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. கணினியின் கணக்கில் அவை தமிழே அல்ல. தமிழ் வடிவம் போர்த்திய ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பைதான் தெரியும். அவற்றில் தமிழில் தேட முடியாது, பிழை திருத்தி வேலை செய்யாது, அகர வரிசை கலையும். புதிய ஆபீஸ் நிறுவியதும் கடைக்காரர் செய்யும் முதல் வேலை தானியங்கித் திருத்தத்தை அணைப்பது. இல்லாவிட்டால் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதாக நினைத்து அது இந்த எழுத்துருக்களில் அடிக்கும் தமிழைச் சிதைக்கும். பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகளால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் வெறும் உரையாக ஒட்டினால் நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களையும் சேர்த்துத் தமிழ் எழுத்துகளாக்கிவிடுகின்றன. ஒரு பத்திரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு எழுத்து மாறினால் யார் பொறுப்பு?

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை 2010 ஜூனிலேயே தமிழக அரசு தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் வானவில்லில்தான் வேண்டும் என்று கோப்பைத் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இருக்கின்றன. யூனிகோடில் அடித்த வேலையை வானவில்லில் மறுபடி அடித்துக் கொடுத்ததற்கு எவரும் கூலி தந்ததில்லை. உறுப்பினர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார்கள். அரசாணை மேசையில் இருக்கிறது; அமலாக்க வேண்டியவர்கள் எங்கே?

லிப்ரே ஆபீஸ் இலவசம், நம்பகமானது. வேர்டு கோப்புகளையும் திறக்கும். அட்டவணையும் பக்கமும் சில சமயம் நகரும். முத்திரைத்தாளில் ஒரு வரி நகர்ந்தால் புதுத் தாள் வாங்க வேண்டும், அதனால் முதலில் வெள்ளைத்தாளில் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. இணையவழித் தொகுப்பான ஜோஹோவைச் சிலர் பரிந்துரைத்தனர். இணையம் அடிக்கடி அறுபடும் ஊர்களில் அதையே முழுதும் நம்புவது சிரமம் என்ற கருத்தும் பதிவானது. திருட்டுப் பிரதியைச் சங்கம் ஆதரிக்காது.

ஆகவே, கூடியவரை, கடைக்கு ஒரு கணினியில் மட்டும் நிரந்தர உரிமமுள்ள ஆபீஸ், மற்றவற்றில் லிப்ரே ஆபீஸ் என்ற ஏற்பாட்டைச் சங்கம் இப்போதைக்குப் பரிந்துரைக்கிறது. அவரவர் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். புதிய வேலைகள் யூனிகோடிலேயே தொடங்கட்டும். பழையவற்றில் மீண்டும் கேட்டு வருபவற்றை மட்டும் மாற்றி, வரிவரியாகச் சரிபார்த்து வைத்தால் போதும். ஆபீஸ் 2021-க்கு ஆதரவு முடியும் நாள் 2026 அக்டோபர் 13; அதை வைத்திருப்பவர்கள் அதுவரை அவசரப்பட வேண்டாம். அடுத்த பொதுக்குழு கூடும்வரை சங்கத்தின் பெயரைச் சொல்லி வரும் எந்தச் சந்தாப் படிவத்திலும் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டாம். அப்படி ஒரு படிவத்துக்குச் சங்கம் அனுமதி தரவில்லை.