கேட்டும் சொல்லாதவர்

மரித்த விசுவாசிகளின் மாதமாகிய நவம்பரில் நமது பூசைக் கருத்து ஏட்டின் முதல் வரியில், சென்ற ஆகஸ்டில் தம் 86-ஆம் வயதில் இறைவனில் இளைப்பாறிய பெரியவர் ஒருவரின் பெயரை எழுதியுள்ளோம். பங்குப் பிள்ளைகள் யாவருக்கும் அவர் 'டெலிபோன் தாத்தா'.

1960-ல் தபால் தந்தி இலாகாவில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 1996-ல் ஓய்வு பெற்றவர். அந்த வேலை எத்தகையதென்று இன்றைய இளைஞருக்குச் சொல்லியாக வேண்டும். அக்காலத்துச் சிற்றூர்களில் நாமே எண்ணைச் சுழற்றிப் பேச இயலாது. கருவியைக் கையிலெடுத்தால் நிலையத்துப் பலகையில் அடையாளம் தெரியும். ஆபரேட்டர் கம்பியொன்றைத் துளையில் செருகி, என்ன நம்பர் என்று கேட்பார். வெளியூர் என்றால் 'டிரங்க் கால்' பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு கணக்கு. லைன் தெளிவாக இல்லாவிட்டால் ஆபரேட்டரே நடுவில் நின்று, இப்பக்கத்துச் சொல்லை அப்பக்கத்துக்கு எடுத்துச் சொல்வதும் உண்டு. ஆகவே, ஊரில் விழுந்த சாவுச் செய்தி பலவற்றை, உரிய வீட்டாருக்கு முன்பே கேட்டவர் அவர்.

1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தருகே புயல் கரை கடந்தபின், அறுந்த கம்பிகளைச் சேர்த்து ஒரு வழி திறந்த இரவில் அவர் பலகையை விட்டு எழவில்லையாம். "உயிரோடு இருக்கிறோம் என்ற ஒரே சொல்லை எத்தனை குரலில் கேட்டேனோ, சாமி!" என்பார். யாருடைய குரல் என்று மட்டும் சொன்னதில்லை.

கேட்டதை வெளியிடும் ஊழியரைத் தண்டிக்க 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் இடமிருந்தது. சட்டம் பணிக்காலத்தோடு போயிற்று. பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டில் யாருக்கேனும் கைப்பேசி ஒலித்தால், கைத்தடியை ஊன்றி எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கும் நமக்கோ சிரிப்பு வந்ததில்லை.

அவருக்குப் புதல்வர் இருவர். மூத்தவர் சென்னையில், இளையவர் ஊரில், தந்தையோடு. மனைப் பங்கீட்டில் மூண்ட பகையால் ஒன்பது ஆண்டுகளாக அவர்களிடையே பேச்சில்லை. (இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறோம்.) முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுசென்றபோது பெரியவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். "இருவரும் என்னிடம் பேசுகிறார்கள், சாமி. ஒருவன் சொன்னதை மற்றவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்" என்றார். விண்ணேற்பு அன்னை திருவிழா முடியட்டும் என்றோம். கொடியேறி, தேர் அலங்காரம், வரவுசெலவு என்று நமக்கு ஆயிரம் அலுவல். திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் அவர் போய்விட்டார். பெட்டியின் இருபுறமும் பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றதைக் கண்டபோது, மந்திரம் சொல்ல நமக்கு நா எழவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப்பின் இருவரையும் அறைவீட்டுக்கு அழைத்தோம். மூத்தவர் மட்டுமே வந்தார். "பேசும்போதெல்லாம் தம்பி எப்படி இருக்கிறான் என்று அப்பாவிடம் கேட்பேன், சாமி. அப்பா அவனிடம் சொல்லியிருப்பார், அவன்தான் மனம் இளகவில்லை என்றிருந்தேன்" என்று சொல்லி அழுதார்.

இளையவரைத் தேடி இருமுறை வீட்டுக்குச் சென்றோம். வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நவம்பர் 2-ஆம் நாள் மாலை, கல்லறை மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலைந்தபின், தந்தையின் கல்லறையருகே அவர் தனியே நின்றிருந்தார். அண்ணன் கேட்டதை அப்போது சொன்னோம். அவர் வாய் திறக்கவில்லை. காற்றில் அணைந்த மெழுகுதிரியை மறுபடி ஏற்றினார். நெடுநேரம் கழித்து, "அண்ணன் நம்பர் என்னிடம் இல்லை, சாமி" என்றார்.

எழுதிக் கொடுத்தோம்.