பெண்களுக்கென்று ஒரு திடல்



கண் காட்டுவதற்காக மகளுடன் கொழும்பு போயிருந்தேன். ஒட்டுசுட்டானில் இருந்து போகும் எங்களுக்கு அங்கே ஆஸ்பத்திரியும் கந்தோரும்தானே தெரியும். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. "வாங்கோ அம்மா" என்று மகள் விகாரமகாதேவி பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். மாநகர சபைக்கு எதிரே, பெரிய பெரிய மரங்கள். என் கண் முதலில் காய்ந்த சுள்ளியைத்தான் தேடியது! 2009இல் மரமென்றால் எங்களுக்குத் தறப்பாள் கட்டும் கொப்பு. ஆரும் விசாரிப்பார்களோ என்று அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் காலிமுகத்திடல். இறால் வடை வாங்கித் தின்றோம், உறைப்பு அதிகம். கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் ஆளுநர் ஹென்றி வார்ட். கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக இதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்திருக்கிறார். வெள்ளைக்காரப் பெண்களைத்தான் நினைத்திருப்பார், இருக்கட்டும். நானும் இருட்டும்வரை இருந்தேன்.

முத்தையன்கட்டுக் குளக்கட்டிலும் நல்ல காற்றுத்தான். உடுப்புத் தோய்க்கவும் மாடு தேடவுமே அங்கே போயிருக்கிறேன். வருகிற ஞாயிறு பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு, வாளி இல்லாமல் போகப்போகிறேன்.