மாத்திரையோடு நின்றுபோன மாரடைப்புச் சிகிச்சை

மாரடைப்பின்போது இதயத் தமனியை அடைப்பது பெரும்பாலும் ரத்தக்கட்டிதான். தமனிச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு பிளந்ததும் அந்த இடத்தில் தட்டணுக்கள் குவிகின்றன. ஃபைப்ரின் இழைகள் அவற்றை இறுக்குகின்றன. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் கட்டி வளராமல் தடுக்கும். உறைந்துவிட்டதைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ் போன்ற ஊசிமருந்து வேண்டும், இல்லையேல் ஆஞ்சியோபிளாஸ்டி.

தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் இதில் முதல் பாதியை மட்டுமே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொடுத்தது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு மாத்திரை, பிறகு மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். மாத்திரை உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்ட முடிவை ஏற்க முடியாது. 17,187 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஐசிஸ்-2 ஆய்வின் முடிவு 1988-லேயே வந்துவிட்டது: ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்து வார இதய, ரத்தநாள இறப்பு 23 சதவீதம் குறைந்தது, ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தது.

இதன் விளைவை நெய்வேலியில் பார்க்கலாம். நகரியத்துக்குள் என்.எல்.சி. சுரங்க நிறுவனத்தின் பொது மருத்துவமனை இருக்கிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுவட்டார ஊர்களுக்கு முதல் புகலிடம் சுகாதார நிலையம்தான். நள்ளிரவில் அங்கே வருபவர் மாத்திரையை விழுங்கிவிட்டு 108 வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி ஜிப்மர். அந்தப் பாதையின் ஒரு பகுதியும் ஆண்டுக்கணக்கில் முடியாமல் இழுபட்ட விக்கிரவாண்டி–தஞ்சை நாற்கரச் சாலை. ஈசிஜி மாரடைப்பைக் காட்டிய 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வழியில்லையென்றால் கட்டி கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. முதல் இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் அது மிக நன்றாக வேலை செய்யும். அந்த நேரம் முழுவதையும் சாலை விழுங்கிவிடுகிறது. ஊசி கிடைக்கும்போது இதயத் தசையின் ஒரு பகுதி செத்திருக்கும்.

மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்பது வழக்கமான பதில். அந்த ஆபத்து நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு; பக்கவாதம், அண்மை அறுவை சிகிச்சை, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கேட்டறிந்து தவிர்ப்பது எம்.பி.பி.எஸ். மருத்துவரால் ஆகாததல்ல. ஸ்காட்லாந்தின் கிராமப்புறக் குடும்ப மருத்துவர்கள் நோயாளியின் வீட்டிலேயே இத்தகைய ஊசியைப் போட்ட ஆய்வு 1992-இல் வெளிவந்தது. மூன்று மாத இறப்பு பாதியாகக் குறைந்தது. அவர்கள்மீது வைத்த நம்பிக்கையை நம் மருத்துவர்கள்மீது வைக்க அரசுக்கு மனமில்லை!

இந்த வட்டாரத்தை அரசு காக்கவைப்பது புதிதல்ல. சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு எடுத்துக்கொண்டது. அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியிலோ தனியார் கல்லூரிக்கு நிகரான கட்டணம் தொடர்ந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகே, 2021-இல், கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. எட்டு ஆண்டு! மாரடைப்புச் சிகிச்சையிலும் இதே காத்திருப்புதான். சிறிய மருத்துவமனையில் ஊசி, பிறகு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் என்று இணைத்த தமிழ்நாட்டு ஸ்டெமி (தமனி முழுதாக அடைபடும் மாரடைப்பு) ஆய்வு, ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததை 2017-இல் காட்டியது. சொந்த மண்ணில் கிடைத்த இந்தச் சான்றும் சுகாதார நிலையம்வரை இறங்கவில்லை.

ஊசிமருந்தும், அதைப் போட மருத்துவருக்கு அதிகாரமும், தொலைவிலிருந்தே ஈசிஜி பார்த்துச் சொல்ல இதய நிபுணரும் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வந்தாக வேண்டும். அதற்கான ஏற்பாட்டை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.