வெட்டியதை ஏன் ஒட்டுகிறீர்கள்?

"நீங்க பாத்தது முழுப் படம் இல்லைங்க." சினிமா பாரடைசோவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கூட்டத்தில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுகிறார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வேறு. ஊர் உலகமெல்லாம் பார்த்து அழுத 124 நிமிடப் படம் ஏதோ சாம்பிள் பாக்கெட் போலவும், ஏறத்தாழ 173 நிமிடம் ஓடும் இயக்குநரின் நீள வடிவம்தான் அசல் சரக்கு போலவும் ஒரு தோரணை. அந்த நீள வடிவத்தை வீட்டில் உட்கார்ந்து, போனை அணைத்து வைத்துவிட்டு, இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அது இன்னொரு படம். அதுவும் சுமாரான படம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூசெப்பே தொர்னாத்தோரேயின் படம் 1988இல் இத்தாலியில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் வடிவில் வெளியாகி, ஓடாமல் போனது. வெட்டிக் குறைத்த வடிவம் 1989இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை வாங்கியது. அடுத்த ஆண்டு சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர். நீள வடிவம் 2002இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து, பிறகு டிவிடியாக நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. தியேட்டருக்கு ஒரு நாளைக்கு இத்தனை காட்சி என்ற கணக்கு உண்டு, வீட்டு சோபாவுக்குக் கிடையாது. குக்கர் விசில் அடித்தால் நிறுத்திவிட்டுப் போய் வரலாம். அப்புறம் ஐம்பது நிமிடம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. அதைச் சொல்லக் கதையைச் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

சிசிலியில் ஒரு சின்ன ஊர். டோட்டோ என்ற பொடியன், தியேட்டர் ஆபரேட்டர் ஆல்ஃபிரேடோவைச் சுற்றிச் சுற்றி வந்து தொழில் கற்கிறான். பின்னால் தீவிபத்தில் ஆல்ஃபிரேடோவுக்குக் கண் போய்விடுகிறது. டோட்டோ வளர்ந்து எலெனாவைக் காதலிக்கிறான். ஒருநாள் அவள் வருவதில்லை. பட்டாளத்திலிருந்து அவன் எழுதும் கடிதங்கள் திரும்பி வருகின்றன. ஆல்ஃபிரேடோ அவனை ஊரைவிட்டே போகச் சொல்கிறார். திரும்பி வராதே, கடிதம் போடாதே, எங்களை நினைத்து உருகாதே என்கிறார். முப்பது வருடம் கழித்து, ரோமில் பெரிய இயக்குநராகிவிட்ட டோட்டோ, அவருடைய சாவுக்குத்தான் ஊர் திரும்புகிறான்.

எலெனா ஏன் வரவில்லை? 124 நிமிடப் படம் கடைசிவரை சொல்லாது. அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படத்தின் தொடக்கத்தில், ஆல்ஃபிரேடோ இறந்த செய்தியைக் கேட்டுவிட்டு ரோமில் ஒருவன் தூங்காமல் படுத்திருக்கிறானே, அந்த முகத்துக்குள் இருப்பதில் பாதி இந்தத் தெரியாமைதான். காதலில் இப்படித்தானே நடக்கிறது? காரணம் சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்?

நீள வடிவம் காரணம் சொல்கிறது. நடுவயது எலெனாவை டோட்டோ கண்டுபிடிக்கிறான். கூடப் படித்த ஒருவனைக் கட்டிக்கொண்டு அதே ஊரில் இருக்கிறாள். காருக்குள் சந்திக்கிறார்கள், கூடுகிறார்கள், பேசுகிறார்கள். அன்று அவள் வந்திருக்கிறாள். ஆபரேட்டர் அறையில் ஆல்ஃபிரேடோதான் இருந்திருக்கிறார். அவனுடைய எதிர்காலத்துக்காக விலகிப் போ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் ஒரு சீட்டின் பின்னால் எழுதி வைத்துவிட்டுப் போன விவரத்தை டோட்டோ பார்க்கவேயில்லை. இப்போது பாழடைந்த தியேட்டருக்குள் போய்த் தேடி அதைக் கண்டெடுக்கிறான்.

அட, கைக்குக் கிடைக்காத கடிதம்! நம் ஊர்ப் பழைய படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கிய சமாச்சாரம். ஒரு மனிதனின் முப்பது வருட வாழ்க்கைக்கு விளக்கம் இவ்வளவுதானா?

நீள வடிவத்தின் பக்தர்கள் சொல்வது ஒன்றும் முட்டாள்தனமான வாதம் இல்லை. இந்தக் காட்சிகளால்தான் ஆல்ஃபிரேடோ முழு மனிதராகிறார், இல்லாவிட்டால் வெறும் நல்ல தாத்தா என்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. மகன் மாதிரி வளர்த்தவனை ரயிலேற்றும்போது, திரும்பி வந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டாதே என்பவர் நல்ல தாத்தாவா? அந்த அன்புக்குள் இருக்கும் கொடூரம் குறுகிய படத்திலேயே தெரிகிறது. அதைச் சந்தேகிக்கும் வேலையைப் படம் நம்மிடம் விட்டிருந்தது. நீள வடிவம் அதைப் பிடுங்கி, சாட்சியோடு வழக்காக்கிவிடுகிறது.

எலெனாவாக வரும் பிரிஜித் ஃபோஸே அற்புதமான நடிகை. 1952இல் ரெனே கிளெமானின் படத்தில் குழந்தையாக நடித்தபோதே உலகத்தைக் கலங்கடித்தவர். வெட்டில் அவருடைய பாத்திரமே காணாமல் போனது. கொடுமைதான். ஆனால் நடிகைக்கு நேர்ந்த அநியாயம் வேறு, படத்துக்கு நேர்ந்த நன்மை வேறு.

நீளமாக்கினாலே கெடும் என்று நான் சொல்லவில்லை. ரிட்லி ஸ்காட்டின் கிங்டம் ஆஃப் ஹெவன் 2005இல் 144 நிமிடமாக வந்தபோது, ராணி சிபில்லா ஏன் அப்படி உடைந்து போகிறாள் என்றே விளங்கவில்லை. இயக்குநர் வடிவத்தில் அவளுடைய மகன் இருக்கிறான், அவனுக்குத் தொழுநோய். கதை நிற்கத் தேவையான தூணையே உருவியிருந்தார்கள், திரும்ப வைத்ததும் படம் நிமிர்ந்தது. மறுபக்கம் கொப்போலாவைப் பாருங்கள். அபோகலிப்ஸ் நௌவை 2001இல் 202 நிமிடமாக இழுத்தார். 2019இல் இறுதி வடிவம் என்று ஒன்று கொண்டுவந்தார், 183 நிமிடம். தானே சேர்த்ததைத் தானே வெட்டினார். அப்படியானால் 'இயக்குநரின் உண்மையான விருப்பம்' எது? எந்த வருடத்து விருப்பம்?

என் தொழிலில் ஒருவர் ஆயிரம் வரி கோடு எழுதிச் சேர்த்தால் யாரும் அசர மாட்டார்கள். ஆயிரம் வரியை நீக்கி, புரோகிராம் அப்படியே ஓடினால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். எழுதினவனுக்குத் தன் வரிகள் மேல் பாசம் இருக்கும், இருக்கட்டும். அந்தப் பாசத்தை இங்கே 'முழுமை' என்று பெயர் மாற்றி விற்பதுதான் எனக்கு எரிச்சல்.

அதிலும் இந்தப் படத்துக்கா! பாதிரியார் மணியடிக்கும் இடத்திலெல்லாம் ஆல்ஃபிரேடோ முத்தக் காட்சிகளை வெட்டுகிறார். துண்டுகளைக் கேட்டு டோட்டோ நச்சரிக்கிறான். உனக்குத்தான், ஆனால் நான் வைத்திருக்கிறேன் என்கிறார். கடைசியில் அவர் விட்டுச்சென்ற ரீலில் அந்த முத்தங்கள் வரிசையாக ஓடுகின்றன. குறுகிய படத்தில் அது பரிசு. நீள வடிவத்தில், காதலைப் பறித்தவர் கட்டும் நஷ்டஈடு. அழகான சமன்பாடுதான். எனக்கு அந்தப் பரிசு போதும்.

அந்த முத்தங்கள் அவரவர் படத்திலேயே இருந்திருந்தால், கதையோடு வந்து கதையோடு போயிருக்கும். முன்கதை, பின்கதை இல்லாமல் நறுக்கி ஒட்டியதால்தான் டோட்டோ அழுகிறான். கண் தெரியாத மனிதர் அவற்றை எப்போது, யார் துணையோடு ஒட்டினார்? படம் சொல்வதில்லை. அதற்கு ஒரு காட்சி வேண்டும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை.