பின் அச்சு பாடத் தொடங்கினால்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நமது வீட்டு வாசலில் ஒரு காண்டெஸா வண்டி வந்து நின்றது. நிற்பதற்கு முன்னாலேயே, தெருக்கோடியில் திரும்பும்போதே, அது வருவது நமக்குத் தெரிந்துவிட்டது. வண்டியின் பின்புறத்திலிருந்து அப்படி ஒரு முனகல்! இறங்கி வந்தவன் நம் தங்கையின் மகன்.

"மாமா, டிஃபரன்ஷியல் போயிடுச்சுங்கறாங்க. முழுசா மாத்தோணுமாம். நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றான்.

பையன் மூன்று வருஷச் சேமிப்பை இந்த வண்டியில் போட்டிருக்கிறான். அது பிறந்தபோது இருந்தது 1489 சி.சி. எஞ்சின். இவன் அதை எடுத்துவிட்டு 1.8 லிட்டர் இஸுஸு எஞ்சினைப் பொருத்தியிருக்கிறான். செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குள் அடுத்த வாரமே தாயாரையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குப் போவதாகவும் ஏற்பாடு. ஆகையால் இது வெறும் சப்த விஷயமாக நமக்குத் தோன்றவில்லை. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பினியன் பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால், பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே சமயத்தில் நின்றுவிடும்.

டிஃபரன்ஷியல் என்பது என்ன என்று நேயர்களில் சிலராவது கேட்கக்கூடும். நம் பக்கத்து மாட்டு வண்டியை நினைத்துக்கொண்டால் போதும். மாட்டு வண்டியில் அச்சு அசையாது. இரண்டு சக்கரங்களும் கடையாணிக்கு உள்ளே தனித்தனியே சுழல்கின்றன. முடக்கில் திரும்பும்போது வெளிச் சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் போகலாம். யாரும் அதைத் தடுப்பதில்லை. இழுப்பது காளையே தவிரச் சக்கரம் அல்ல அல்லவா? மோட்டார் வண்டியிலோ சக்கரத்தையே யந்திரம் சுழற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் வளைவில் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டுதான் போக வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுக் கொண்டை ஊசி வளைவில் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைக் காட்டிலும் சுமார் 4.4 மீட்டர், அதாவது இரண்டு சுற்றுக்கு மேல், அதிகமாக ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கப் பிரான்சு தேசத்துப் பெக்கர் என்பவர் 1827-ஆம் வருஷத்திலேயே, நீராவி வண்டிக்காக, பற்சக்கரங்களால் ஓர் உபாயம் கண்டார். அதுதான் இன்றும் நம் காலடியில் சுழன்றுகொண்டிருக்கிறது.

பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. முன்னாலிருந்து நீளவாட்டில் வரும் சுழற்சியைக் குறுக்குவாட்டில் திருப்பிவிட வேண்டும். இதற்காகப் பினியன் என்ற சிறு பற்சக்கரமும், கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு சுழல்கின்றன. பாடுவது பெரும்பாலும் இந்த ஜோடிதான்.

பாட்டு என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. கிரவுனில் 41 பற்கள் இருப்பதாகவும், டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றும் கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 480 தடவை பல்லும் பல்லும் சந்திக்கின்றன. அது ஆர்மோனியத்தில் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவிலுள்ள ஸ்வரம். வேகத்தை 40-ஆகக் குறைத்தால் அதே ஸ்வரம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சங்கீதக் காதுள்ளவர்கள் மெக்கானிக்குக்குப் பெரிய உதவி செய்யலாம். கச்சேரிக்குப் போய்ச் சுருதி சேரவில்லை என்று குறை சொல்லுவதைவிட இது பிரயோஜனமான காரியம்.

பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பொள்ளாச்சி ரஸ்தாவில் கிளம்பினோம். ஈச்சனாரி தாண்டியதும் 60-இல் முனகல் ஆரம்பித்தது. 80-இல் பேசுவது கேட்கவில்லை. அதே வேகத்தில் நாலாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றினோம். எஞ்சினின் சப்தம் உயர்ந்தது. முனகல் இருந்த சுருதியிலேயே இருந்தது. ஆகவே குற்றம் எஞ்சினிலும் இல்லை, கியர்ப் பெட்டியிலும் இல்லை. புதுத் தார் போட்ட இடத்திலும் பழைய ரஸ்தாவிலும் மாறுதல் தெரியவில்லை. எனவே டயரின் சப்தமும் அல்ல. இடப்பக்கமும் வலப்பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தோம். சக்கரத்துப் பேரிங்காக இருந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சப்தம் கூடிக் குறையும், அதுவும் இல்லை. முடக்கில் திரும்பும்போது மட்டும் கேட்டால் நடுவிலுள்ள சிறு கியர்களைச் சந்தேகிக்கலாம். நேர் ரஸ்தாவிலேயே கேட்கிறதே!

கடைசிச் சோதனை ஆக்ஸிலரேட்டரில். பல் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒரு விதமாகவும், காலை எடுத்தவுடன் வேறு விதமாகவும், சில சமயம் ஒன்றில் மட்டுமே, ஊளை கேட்கும். அதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எழுந்து அதைத் தாண்டினால் அடங்கும். இந்த வண்டியிலோ மிதித்தாலும் விட்டாலும் ஒரே கரகரப்பு. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. "பல் இல்லையப்பா, பேரிங்" என்று நாம் சொன்னோம். சொல்லிவிட்டோமே தவிர, திறந்து பார்க்கும் வரையில் நிச்சயம் என்ன?

முன்பு பார்த்த பட்டறையில் முழு அச்சையும் எடுத்துவிட்டு, உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடி வேறொன்று மாட்டிக்கொள்ளும்படி சொல்லியிருந்தார்கள். யோசனை தவறென்று சொல்ல மாட்டோம். காண்டெஸாவின் உற்பத்தி 2002-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. புதிய கிரவுன்-பினியன் ஜோடி கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சரக்கல்ல. ஆனால் பழைய அச்சு என்ன கதையைச் சுமந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு முனகலைக் கொடுத்து வேறொரு முனகலை வாங்கி வருவதாகவும் முடியலாம்.

நமக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் எண்ணெயை வடித்தார். எண்ணெயோடு மரத்தூள் வந்தது! நேயர்கள் ஆச்சரியப்பட வேண்டாம். வண்டியை விற்கிறவர்கள் சப்தத்தை அமுக்குவதற்காகச் செய்யும் பழைய வித்தை இது. வாழைப்பழத் தோலைப் போடுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நாள் சப்தம் அடங்கியிருக்கும். உள்ளே நடக்கும் நாசம் அடங்காது. வடிகால் திருகில் ஒட்டியிருந்ததைப் பெரியவர் விரலில் தேய்த்துக் காட்டினார். வெள்ளி மினுக்குப் போல உருக்குச் செதில்கள்.

"பல்லு நல்லாத்தான் இருக்குதுங்க. முன்னால் பேரிங் அம்மை போட்ட மாதிரி இருக்குது பாருங்க" என்றார்.

பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்போ பேரிங்கை மட்டும் மாத்தினாப் போதுங்களா?" என்றான்.

"மாத்தறது அரை நாள் வேலை தம்பி. மறுபடி அதே எடத்துல உக்கார வைக்கறதுதான் வேலை."

இந்த வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று அரைத்துப் பதப்படுத்தப்பட்ட தம்பதிகள். ஒன்றை மாற்றி மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. வருஷக் கணக்காக ஒரே இடத்தில் உரசிப் பழகிய பற்களை ஒரு மயிரிழை தள்ளி வைத்தாலும், நல்ல பற்களே ஊளையிடத் தொடங்கும். புதுப் பேரிங்கின் கனம் பழையதைப் போலவே இருக்கும் என்று எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும், பேரிங்கை எவ்வளவு இறுக்க வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் எவ்வளவு இடைவெளி என்ற மூன்றையும் அந்தத் தகடுகளாலேயே சரிசெய்கிறார்கள். சில வண்டிகளில் இறுக்கத்திற்காக நசுங்கும் குழல் ஒன்று இருக்கும். அது ஒரு தடவைக்கு மேல் உதவாது, அதிகமாக நசுக்கிவிட்டால் தூர எறிய வேண்டியதுதான். இடைவெளி சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரையில். கைப் பழக்கத்தால் இதைச் சொல்ல முடியாது. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் டிஃபரன்ஷியலைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

பெரியவர் கிரவுனின் சில பற்களில் சாயம் தடவிச் சுற்றினார். பினியன் பட்ட இடத்தில் சாயம் விலகித் தடம் தெரிந்தது. முதல் தடவை தடம் பல்லின் நுனிப்பக்கம் விழுந்தது. அதாவது பினியன் போதிய ஆழம் போகவில்லை. பிரித்தார், ஒரு தகட்டைச் சேர்த்தார், மாட்டினார். இப்போது அடிப்பக்கம் போய்விட்டது. மறுபடி பிரித்தார். நான்காவது தடவை தடம் பல்லின் நடுவே முட்டை வடிவில் அழகாக விழுந்தது. மாலை ஆறு மணி ஆகிவிட்டது. நடுவில் ஒரு முறை பையன், "இது போதாதுங்களா?" என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்லாமல் ஸ்பானரை எடுத்தார்.

கோயமுத்தூரில் இப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பதில் வியப்பில்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் ஊர் இது. மில்களுக்கு வேண்டிய யந்திரங்களையும் பற்சக்கரங்களையும் இங்கேயே வார்த்துக் கடைந்து பழகிய கைகள் இவை. செட்டிபாளையத்து ஓட்டக் களத்துக்குப் பெயர் கொடுத்த கரிவர்தனும் இவ்வூர்க்காரரே. வெளிநாட்டுப் பந்தய வண்டி வாங்க வசதியில்லாத வாலிபர்களும் பந்தயத்தில் இறங்கட்டும் என்று, 1988-இல் சாதாரண மாருதி எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி வண்டியை அமைத்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் அகால மரணமடைந்தது பெரிய நஷ்டம். மாருதி 800-இல் எஞ்சினே குறுக்காக இருப்பதால் சுழற்சியைத் திருப்பிவிடும் வேலையே இல்லை. இந்த ஊளைக்கும் அங்கே இடமில்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. 1926-இல் பாக்கார்டு கம்பெனி கொண்டுவந்த ஹைபாயிட் என்ற அமைப்பில் பினியன் கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பற்கள் உருளுவதோடு வழுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய் அங்கே நசுங்கி ஓடிவிடும். அதற்கென்று கந்தகச் சரக்குச் சேர்த்த, ஜி.எல்.-5 என்று குறிப்பிட்ட கியர் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். நாற்றமடிக்கும், பொறுத்துக்கொள்க. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் பந்தய டிஃபரன்ஷியல் இருந்தால் அதற்குத் தனி மருந்தும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் முடக்குகளில் தடதடக்கும். அதைக் கேட்டு உடைந்துவிட்டதென்று பயந்து பிரித்தவர்கள் உண்டு.

பையன் அதையும் கேட்டான். வளைவில் உட்சக்கரம் தரையை விட்டு எழும்பினால், சாதாரண டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை வீணே சுழலவிட்டு வண்டியை நிறுத்திவிடும். பந்தயக்காரர்களுக்கு வழுக்கலைக் கட்டுப்படுத்தும் சாதனம் வேண்டியிருப்பது அதனால்தான். செலவுக்குப் பயந்து நடுக் கியர்களை வெல்டு வைத்து ஒட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டக் களத்தில் என்னமோ செய்துகொள்ளட்டும். தாயாரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற வண்டிக்கு அது கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

முதல் இருபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, பிறகு 800 கிலோமீட்டர் வரையில் அழுத்தி மிதிக்கக்கூடாது என்பது பெரியவரின் உத்தரவு. வால்பாறைப் பிரயாணம் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. தங்கைக்கு நம் மேல் கோபம். பையன் மட்டும் வாய் பேசாமல் கிணத்துக்கடவுக்கும் ஊருக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தான். மாதக் கடைசியில் எண்ணெயை மாற்றும்போது நாமும் போயிருந்தோம். வடிகால் திருகைத் துடைத்துப் பார்த்தார் பெரியவர். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை. செதில் ஒன்றுகூட இல்லை. 70-இல் மட்டும் இன்னும் ஒரு சிறு ரீங்காரம் இருக்கிறது என்று பையன் குறைப்பட்டான்.

"இருக்கட்டும் தம்பி. அது மாறுனா வந்து சொல்லுங்க" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.