பிரேக் ஆயில் ஊற்றுவது தவக்குல் ஆகாது

 

பழவேற்காட்டில் நடைபெற்ற உறவினர் நிக்காஹ் ஒன்றுக்காகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து நம் குடும்பத்தார் ஏழு பேர், கைக்குழந்தை உட்பட, எஸ்.யூ.வி. வண்டியில் புறப்பட்டோம். தச்சூர் கூட்டுச்சாலையை நெருங்கும்போது பிரேக் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓட்டிய மச்சான் பதறவில்லை. "பிரேக் ஆயில் குறைந்திருக்கும். போன மாதமே இரண்டு முறை பட்டறையில் ஊற்றினார்கள். இன்ஷா அல்லாஹ், போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று கூறி, இருக்கைக்கடியில் இருந்த புட்டியை எடுத்து மூன்றாம் முறையாக ஊற்றினார். நாமும் வாய்மூடி அமர்ந்திருந்தோம். அல்லாஹ்வின் அருளால் சேதமின்றிச் சென்றடைந்தோம். கல்யாண வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால், பின் இடது சக்கரத்தின் உட்புறம் முழுதும் ஈரம்.

இன்ஷா அல்லாஹ் எனும் மகத்தான சொல்லை இவ்வாறு பயன்படுத்துவதை நாம் கண்டிக்கிறோம். அன்று மௌனம் காத்த நம்மையும் சேர்த்தே கண்டிக்கிறோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என வினவியவரிடம், கட்டிவிட்டுப் பின்னர் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் உள்ளது. இந்த ஹதீஸைக் கேளாத ஜமாஅத் இல்லை. ஆனால் நம்மில் பலர் அதை ஒட்டகத்துக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டோம் போலும்!

"குறைந்தால் ஊற்றுவதில் என்ன தவறு? எஞ்சின் ஆயிலும் குறையத்தானே செய்கிறது?" எனச் சிலர் கேட்கின்றனர். இங்கேதான் அறியாமை இருக்கிறது. பிரேக் அமைப்பு மூடிய அமைப்பு. அதிலுள்ள திரவம் எரிவதில்லை, செலவாவதில்லை. பிரேக் பேட் தேயத் தேய அளவு மெல்லச் சிறிது இறங்கும், அவ்வளவே. ஒரே மாதத்தில் மீண்டும் மீண்டும் ஊற்ற நேர்ந்தால் அது எங்கோ கசிகிறது என்பதில் ஐயமில்லை. பெடல் நன்றாகத்தானே இருக்கிறது என்பதும் ஏமாற்றமே. இக்கால வண்டிகளில் பிரேக் இரு தனித்தனிப் பாதைகளாக அமைந்திருக்கும். ஒன்று முற்றிலும் வறண்டாலும் மற்றொன்று ஓரளவு பிடிக்கும். ஆனால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் வெகுவாக நீண்டுவிடும். சிப்காட் பணி முடிந்து சைக்கிளில் சாலையைக் கடக்கும் தொழிலாளிக்கு அந்த நீண்ட தூரம் என்னவாகும்?

தவறுதலாக ஓர் உயிரைப் பறித்துவிட்டவர்மீதும் நஷ்டஈட்டையும் பரிகாரத்தையும் குர்ஆன் விதிக்கிறது (4:92). அறியாமல் நிகழ்ந்ததற்கே இந்நிலை என்றால், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர் என்ன பதில் சொல்வார்?

பட்டறைக்காரரையும் விட்டுவிட இயலாது. இரண்டு முறையும் ஊற்றிக் காசு வாங்கியவர் கசிவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கடிந்த செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. மறைக்கப்பட்ட ஈரம் அங்கே தானியத்தில், இங்கே சக்கரத்தில். எனினும், "சீக்கிரம் விடுங்கள், வேலை இருக்கிறது" என்று அவரை விரட்டியவர்கள் நாம்தாம்.

வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் பொன்னேரி வழியாகத் திரும்பினோம். மூட்டுவலியுள்ள நன்னிமா வழிநெடுகத் திட்டினார்கள். அவர்கள் திட்டியது நியாயமே. மறுநாள் வேறொரு மெக்கானிக்கை அழைத்துச் சென்றோம். அவர் பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினார். உள்ளிருந்து திரவம் வடிந்தது. பிரேக் ஷூக்கள் ஊறிப்போயிருந்தன. கழுவி மாட்டலாமா என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். ஊறிய ஷூ சரியாகப் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எனவே இரு பக்கமும் புதிய ஷூ, புதிய வீல் சிலிண்டர், பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றிப் புதியது, இறுதியில் நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்தல். மொத்தச் செலவு அந்தக் கல்யாணப் பந்தலின் விளக்கு வாடகையைவிடக் குறைவு.

அவர் சொன்ன மற்றொன்றையும் பதிவு செய்கிறோம். பிரேக் ஆயில் என்று அழைத்தாலும் அது எண்ணெய் அன்று. டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் கிளைக்கால் சார்ந்தவை. தண்ணீரில் கரையும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே திறந்து வைத்த பழைய புட்டி உதவாது. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினாலோ உள்ளிருக்கும் ரப்பர்கள் எல்லாம் ஊதிக் கெடும்.

நாம் வசிப்பது எத்தகைய மாவட்டம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். திருவள்ளூர் ஆலையில் ஒருகாலத்தில் மிட்சுபிஷி பஜேரோ உருவானது. 2021 முதல் சித்ரோவன் சி5 ஏர்கிராஸும் அங்கே பூட்டப்பட்டது. வண்டி செய்யும் ஊரில் இருந்துகொண்டு பானட்டைத் திறக்கத் தெரியாதென்பது பெருமையா?

வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆயத்தமாகும் முன், பிரேக் திரவக் குப்பியில் அளவு எங்கே நிற்கிறது எனப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். இரவில் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். அடுத்த வாரம் கோடு இறங்கியிருந்தும் அட்டை காய்ந்தே இருந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பூஸ்டருக்குள் வடிகிறதா என மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கசிவு வெளியே தெரியாது. பெடல் மெதுமெதுவென்று இருந்தாலோ, அழுத்திப் பிடிக்கையில் மெல்லத் தாழ்ந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். பட்டறையை வீட்டுக்கு அழையுங்கள். இல்லையேல் கட்டி இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். கல்யாணம் என்றாலும் சரியே.