அகராதியில் அகப்படாத பொருள்

பள்ளியில் தமிழ்வழி பயின்று வந்தவன் நான். செயற்கைப் புரதம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்றைக் கல்லூரி நூலகத்தில் படிக்க முயன்றேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் பேக்கர் குழுவினர் கணிப்பொறியின் துணையால் வடிவமைத்து, 2003-இல் வெளியிட்ட 'டாப்7' என்னும் புரதம் பற்றியது அது. அதில் 93 'ரெசிட்யூ' உள்ளனவாம். அகராதியைப் புரட்டினேன்: எச்சம், வண்டல், கசடு! கசடுகளைக் கோத்தவருக்கா 2024-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று திகைத்தேன்.

அகராதி பொய் சொல்லவில்லை. அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணையும்போது, ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அது போக எஞ்சி நிற்கும் பகுதியே ரெசிட்யூ. ஆகவே 'எச்சம்' சரியான சொல்தான். பெயரெச்சமும் வினையெச்சமும் படித்த நமக்கு அது அந்நியமும் அன்று. ஆனால் வேதியியல் தெரிந்த பிறகல்லவா அது விளங்குகிறது!

'செயற்கை' என்ற சொல்லும் இவ்வாறே ஏமாற்றுகிறது. கேட்டதும் போலி நகையும் காகிதப் பூவும் நினைவுக்கு வருகின்றன. டாப்7-இல் இருப்பவையோ நம் உடற்புரதங்களில் உள்ள அதே வகை அமினோ அமிலங்கள். அதை உற்பத்தி செய்து தந்ததும் உயிருள்ள பாக்டீரியாவே. அமிலங்களின் வரிசையும், அது மடிந்து கொள்ளும் வடிவமும் மட்டுமே மனிதர் வகுத்தவை.

ஆங்கில வகுப்பில் இச்சொற்கள் வருவதில்லை. வேதியியல் வகுப்பிலோ, தெரிந்தவை என்று விடப்படுகின்றன. நடுவில் நிற்பவன் என் போன்ற மாணவன். பொருள் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்பது என் கருத்து. வாரம் ஒருமணி நேரம் இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு கட்டுரையை எங்களோடு வரிவரியாகப் படிக்கட்டும். முதல் கட்டுரையை நானே கொண்டு வருகிறேன்.